வேலியில் கட்டிய கம்பி

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் தோளில் எழுபது அடி செம்புக் கம்பி வளையமாகத் தொங்கியது. வழியெல்லாம் அது என்னவென்று கேட்டவர்களுக்கு ரேடியோ ஏரியல் என்று சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். சுங்கத்தில் ஒருவர், அப்படியானால் ரேடியோ எங்கே என்று கேட்டார். கொண்டு வரவில்லை என்றேன். கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

நான் புதுக்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். அமெச்சூர் ரேடியோ உரிமமும் வைத்திருக்கிறேன். அதாவது, நானே செய்த கருவியில், எங்கோ இருக்கும் இன்னொரு பைத்தியத்தோடு காலை வேளைகளில் பேசுவேன். அப்படிக் கிடைத்தவர் ஆதம்பாவா. கல்முனைக் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கிறவர். மூன்று வருஷம் குரலாக மட்டுமே பழக்கம். சூறாவளி அவர் ஊரைப் புரட்டிப் போட்டு ஆறு மாதம் போன பிறகு, மே விடுமுறைக்கு வர முடியுமா என்று கேட்டார். பல இடங்களில் ஏரியல் கட்டிப் பார்க்க வேண்டும், எது நன்றாகப் போகிறது என்று தெரிய வேண்டும், கம்பியின் மறுமுனையைப் பிடிக்க விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார். இதற்காகக் கடல் கடந்து போகிறாயா என்று வீட்டில் கேட்டார்கள். நான் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்தில் என்னை ஒருவர் இரண்டு முறை கடந்து போனார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சட்டைப் பையில் திருப்புளியோடு இருந்தார். ஆதம்பாவாவின் குரல் கனத்த குரல். அதற்கேற்ற ஒரு பெரிய உடம்பைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அவரும் என் குரலுக்கு வேறொரு ஆளைத் தேடியிருக்கிறார். கடைசியில் செம்புக் கம்பிதான் எங்களை அறிமுகப்படுத்தியது.

எங்கள் ஊர் வழக்கப்படி அவரை "பாய்" என்று கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, இங்கே பாய் என்றால் படுக்கிறதுதான், காக்கா என்று கூப்பிடுங்கள் என்றார். அங்கே அண்ணனுக்குக் காக்கா. எனக்கு அது வாயில் வர ஒரு நாள் பிடித்தது.

தங்குவது மருதமுனையில், "தாத்தா வீட்டில்" என்று முன்பே ரேடியோவில் சொல்லியிருந்தார். வயதானவருக்கு என்ன வாங்குவது என்று யோசித்து, ஒரு நல்ல ஈரிழைத் துண்டு வாங்கிப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் தலையில் முக்காடு போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். தாத்தா என்றால் அவர்களுக்கு அக்கா. சுபைதா தாத்தா, ஆதம்பாவாவின் மூத்த சகோதரி. அவர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் கதையாக, நெசவு ஊருக்கு நான் துண்டு கொண்டு போயிருக்கிறேன். அவர் அதை விரித்து, விரல் நுனியால் இழையைத் தடவிப் பார்த்து, நல்ல நூல்தான் என்று மட்டும் சொன்னார். சாப்பாட்டுக்குச் சோறும் மீன் ஆணமும் வந்தன. ஆணம் என்றால் குழம்பு. மூன்றாவது தடவை போட்டபோது நான் போதும் என்று தட்டைக் கையால் மறைத்தேன். கையைச் சுற்றிச் சோறு விழுந்தது.

மறுநாள் முதல் சோதனை. ஏற்பாடு எளிமையானது. ஆதம்பாவாவிடம் அவரே செய்த சின்னக் கருவி ஒன்று இருந்தது. கார் பேட்டரியில் ஓடும். சைக்கிள் விளக்கு எரிகிற அளவு மின்சாரம்தான். காலை ஏழு மணிக்கு அதில் அவர் கூப்பிடுவார். திருச்சியில் என் நண்பர் சேதுராமன் கேட்டு, தன் கருவியின் முள்ளைப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு எண் சொல்வார். ஒன்பது என்றால் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. மூன்று என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். கருவி ஒன்று, நேரம் ஒன்று, ஆள் ஒன்று. மாறுவது கம்பி மட்டும். மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே சுத்தமான சோதனை. உரிமம் அவருடையது என்பதால் பேசுவது அவர், நான் கம்பிக்காரன்.

கடையின் மொட்டை மாடியில், இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே என் செம்புக் கம்பியைக் கட்டினோம். நாற்பதடி உயரம். ஏரியல் உயர உயரக் குரல் தெளியும் என்பது என் வேதம். சேதுராமன் நாலு என்றார்.

கீழே சந்தை இரைச்சல், மோட்டார்களின் குறுக்கீடு என்று நான் காரணம் சொன்னேன். அவை நாம் கேட்பதைக் கெடுக்கும், நாம் பேசுவதை எப்படிக் கெடுக்கும் என்று ஆதம்பாவா கேட்டார். சரியான கேள்வி. தேத்தண்ணி குடித்தோம்.

அன்று பகலே அடுத்த சோதனைக்கு, வயல் பக்கம், இறக்காமத்துக்குக் கிளம்பினோம். சம்மாந்துறை வரை பஸ். அதற்குப் பிறகு உர மூட்டைகளோடு ட்ராக்டர் பெட்டியில். வாய்க்கால் கரையில் பெட்டியின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட, மூட்டைகளை இறக்கி, வண்டியைத் தள்ளி, மறுபடி ஏற்றினோம். கச்சான் என்கிற மேல்காற்று அனலாக அடித்தது. எங்கள் பக்கம் மே மாதத்தில் வயல் வெடித்துக் கிடக்கும். இங்கே குளத்துத் தண்ணீர் பாய்ந்து, கண்ணுக்கு எட்டின வரை இளம் பயிர். வயலை இவர்கள் வட்டை என்கிறார்கள். யாருடைய வட்டை என்று கேட்டேன். தாத்தாவின் மாப்பிள்ளையுடையது என்றார். மாப்பிள்ளை என்றால் கணவர் என்பதை அதற்குள் கற்றிருந்தேன். அவர் எங்கே, வீட்டில் பார்க்கவில்லையே என்றேன். ஆதம்பாவா கம்பியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, வரம்பில் கடைசி வரை நடக்கச் சொன்னார்.

அங்கே உயரமான எதுவும் இல்லை. காவல் குடிசைக் காலிலும் ஒரு மூங்கில் கழியிலும் கட்டினோம். பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டு, எங்களை மிகவும் மரியாதையாக நடத்தினார்கள். எருமைத் தயிரும், அதன்மேல் ஊற்ற வெல்லப்பாகு மாதிரியான பாணியும் கொடுத்தார்கள். அந்தச் சட்டித் தயிரைக் கத்தியால் வெட்டலாம். எதற்கு இவ்வளவு உபசாரம் என்று புரியவில்லை. விடிந்ததும் புரிந்தது. எங்கள் ஏரியலில் வரிசையாகப் பதினைந்து பால்மாத் தகரங்கள், காலிப் பால்பவுடர் டின்கள், தொங்கின. யானை வந்தால் சத்தம் போடுவதற்குக் கட்டிய கம்பி என்று நினைத்து, மீதி வேலையை அவர்கள் செய்து முடித்திருந்தார்கள். ஏழு மணிக்குள் எல்லாவற்றையும் அவிழ்க்க முடியவில்லை. ஆறு தகரங்களோடு கூப்பிட்டோம்.

சேதுராமன் ஏழு என்றார்.

நாற்பதடி உயரத்தில் நாலு. பன்னிரண்டடியில், தகரங்களோடு, ஏழு. நான் வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவேளை வயல் தண்ணீரால் இருக்கலாம் என்றேன். தகரத்தாலும் இருக்கலாம் என்று வயல்காரர் ஒருவர் சொன்னார். அவரை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

மூன்றாவது சோதனைக்கு மருதமுனைக்கே திரும்பினோம். சுபைதா தாத்தாவின் வீட்டு வளவிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். சூறாவளி அங்கே தென்னைகளின் தலைகளைத் திருகி எடுத்துவிட்டுப் போயிருந்தது. மொட்டை மரங்கள் கம்பம் கம்பமாக நின்றன. ஐம்பதடிக்குக் குறையாது. நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும். மரம் ஏற வந்தவர், காய் இல்லாத மரத்தில் ஏறச் சொன்னவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று முனகியபடி ஏறினார். இரண்டு மரங்களுக்கு நடுவே கம்பி விறைப்பாக, அழகாக நின்றது. புத்தகத்தில் போடலாம்.

சேதுராமன் ஐந்து என்றார். அவரைத் தொடர்ந்து ஆஸ்திரேலியாவிலிருந்து யாரோ ஒருவர் குறுக்கே வந்து, உங்கள் குரல் பிரமாதமாகக் கேட்கிறது என்றார். திருச்சிக்கு ஐந்து, ஆஸ்திரேலியாவுக்குப் பிரமாதம்.

இன்னும் ஒரே ஒன்றைப் பார்த்துவிடலாம், மிகத் தாழ்வாக, ஆளுயரத்தில், உங்கள் வேலியிலேயே கட்டிப் பார்ப்போம் என்றேன். ஆதம்பாவாவின் முகம் மாறியது. அது வேண்டாம் என்றார். ஏன் என்றேன். கடையில் வேலை இருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் என்ன தவறாகச் சொன்னேன் என்று தெரியாமல் வளவில் நின்றேன்.

சுபைதா தாத்தா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். தறிக் கொட்டிலின் கூரையில் செருகியிருந்த ஒரு கம்பிச் சுருளை எடுத்தார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய கம்பி. பத்துப் பதினைந்து இடத்தில் முடிச்சு. முனைகளில் மின்காப்புக்காகச் சோடாப் போத்தல் கழுத்துகள். இதைத்தான் அன்றைக்குத் தம்பி வேலியில் கட்டினான் என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டேன். சூறாவளி இரவில் வீட்டின் சுவர் அவர் கணவர் அலியார் மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ரோடு முழுக்க மரங்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவும் வழியில்லை, ஆள் அனுப்பவும் வழியில்லை. ஆதம்பாவாவின் பெரிய கருவி கடையோடு நனைந்து போயிருந்தது. இந்தச் சின்னக் கருவியையும் ஒரு பேட்டரியையும் கொண்டுவந்து, மரம் ஏற ஆள் கிடைக்காததால் வேலியில் கம்பியைக் கட்டி, இரண்டு நாள் காலையும் மாலையும் கூப்பிட்டார். யாராவது கேட்டால் கொழும்புக்குத் தந்தி போகும், உதவி வரும் என்று. யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அலியார் மௌத்தாகிவிட்டார். கம்பி தாழ்வாக இருந்ததுதான் காரணம், உயரமாகக் கட்டியிருந்தால் கேட்டிருக்கும் என்று தம்பி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றார்.

ஆதம்பாவா என்னை ஏன் வரவழைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது. அடுத்த புயலுக்கு முன்னால் சரியான கம்பி எது என்று தெரிந்துகொள்ள. தாத்தாவைத் தேற்றும் எண்ணத்தோடு நான் உறுதியாகச் சொன்னேன்: இவ்வளவு தாழ்வான கம்பியில், இத்தனை முடிச்சோடு, இத்தனை சின்னக் கருவியில், எதுவும் எங்கேயும் போயிருக்காது. தம்பி சொன்னது சரி, யாருக்கும் கேட்டிருக்காது, யார் மேலும் குற்றமில்லை.

அவர் கம்பிச் சுருளை என் கையில் கொடுத்தார். "எதுக்கும் கட்டிப் பாருங்க மாஸ்டர்," என்றார்.

அன்று மாலை அக்காவும் தம்பியும் சமையற்கட்டில் தாழ்ந்த குரலில் கதைத்தது எனக்கு அரைகுறையாகக் கேட்டது. மறுநாள் காலை ஆதம்பாவா அந்த முடிச்சுக் கம்பியை எடுத்து, தென்னோலைக் கிடுகு வேலி நெடுகக் கட்டினார். எங்கே எந்தக் கதியாலில், அதாவது வேலிக் காலில், கட்டினார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஏழு மணிக்குக் கூப்பிட்டார்.

சேதுராமன் உற்சாகமாக வந்தார். இன்றைக்கு என்ன செய்தீர்கள், எட்டு, ஊரிலேயே பக்கத்துத் தெருவிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

ஆதம்பாவா நன்றி சொல்லி முடித்தார். கருவியை அணைத்தார். பேட்டரி வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். பிறகு செருப்புப் போடாமல் கடலைப் பார்த்து நடந்தார்.

எனக்குக் காரணம் அப்போதுதான், அதுவும் மங்கலாகத்தான், தெரிந்தது. உயரத்தில் இருக்கிற கம்பி அலையைத் தூரத்துக்கு வீசுகிறது. பக்கத்து ஊர்களைத் தாண்டி அது போய்விடுகிறது. தரையோடு கிடக்கிற கம்பி நேரே மேலே வீசுகிறது. மேலே போனது வானத்தில் பட்டு, நானூறு ஐந்நூறு மைலுக்குள் குடை மாதிரி இறங்குகிறது. புதுக்கோட்டை அந்தக் குடைக்குள் இருக்கிறது. என் வீடு அதற்குள் இருக்கிறது.

நான் பாடம் நடத்துகிற விஷயம் இது. நேற்று ஒரு விதவையிடம் இதற்கு நேர்மாறாக அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

என்ன எண் சொன்னார்கள் என்று சுபைதா தாத்தா கேட்டார். எட்டு என்றேன். அதற்கு என்ன கருத்து என்றார். நன்றாகக் கேட்கிறது என்றேன். அவர் அழவில்லை. வேலிக்குப் பக்கத்தில் நின்று கம்பியின் ஒரு முடிச்சைத் தொட்டார். ஆள் வந்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பாரோ தெரியாது, தம்பி அதை நினைத்து உருகுகிறான், எனக்குக் கேட்க இருப்பது வேறு என்றார்.

இரண்டாம் நாள் காலை ஆதம்பாவா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனபோது, அலியார் படுத்தபடியே மைக்கைக் கேட்டு வாங்கினாராம். உதவி ஒன்றும் கேட்கவில்லை. தன் பேரையும் ஊரையும் சொல்லி, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஸலாம் சொன்னாராம். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாராம்.

"ஸலாம் செல்லினா பதில் செல்லோணும். கேட்ட ஆள்ட கடமை அது. அவர் செல்லினது ஆருக்கும் கேட்டிச்சா எண்டுதான் எனக்குத் தெரியோணும்."

அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எங்கள் பக்கமும் மழை. செய்தியில் மட்டக்களப்புப் பக்கம் சூறாவளி என்று கேட்டதும் ஆதம்பாவாவை வழக்கமான அலைவரிசையில் தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை. இந்தச் சின்னக் கருவி பேசுகிற அலைவரிசை வேறு, அதை நான் அப்போது அறியேன். சேதுராமனைப் பிடிக்கலாம் என்று குமிழைத் திருகிக்கொண்டு போனபோது நடுவில் எங்கோ மெல்லிதாக ஒரு குரல் இருந்தது. தமிழ் மாதிரி. ஏதோ வானொலி நிலையத்தின் கசிவு என்று தாண்டிப் போனேன். இதெல்லாம் உண்மையில் நடந்ததா, அல்லது வேலியருகே அவர் கேட்ட கேள்வியிலிருந்து என் மனம் நூற்றுக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். குரல் ஒன்று கேட்ட மாதிரி இருக்கிறது, சொற்கள் புரியவில்லை, நான் நிற்கவில்லை, குமிழைத் திருப்பிவிட்டேன் என்றேன். அவர் தலையை அசைத்தார். புட்டு ஆறுகிறது, வந்து சாப்பிடுங்கள் என்றார். மாசிச் சம்பலோடு சாப்பிட்டேன்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, நாலு நாளும் எண்களைப் பற்றி மட்டுமே கதைத்த ஆதம்பாவா மெதுவாகக் கேட்டார்: "உண்மையாக் கேட்டீங்களா மாஸ்டர், இல்ல தாத்தாவுக்காகச் செல்லினீங்களா?"

"தெரியல காக்கா," என்றேன்.

அவர் என் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். செம்புக் கம்பியை அவரிடமே விட்டுவிட்டேன். காரைதீவு தாண்டும்வரை என் கண் ஜன்னலுக்கு வெளியே வேலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட இல்லை, என் பதிவுப் புத்தகத்தைத் தேடினேன். எங்களுக்குப் பேசியதை எழுதி வைக்கச் சட்டம் உண்டு. எனக்குக் கேட்டதையும் எழுதுகிற பழக்கம். நவம்பர்ப் பக்கத்தைப் புரட்டினேன். புயலுக்கு இரண்டாம் நாள், காலை ஏழு பத்து. என் கையெழுத்தில் ஒரு வரி: "தமிழ்க் குரல், மிக மெல்லியது, ஆள் தெரியவில்லை." பக்கத்தில் அலைவரிசை எண். நாலு நாள் காலையிலும் சேதுராமனைக் கூப்பிட்ட அதே எண்.

புத்தகத்தோடு கூடத்தில் நின்றேன். குழந்தைகள் இலங்கையிலிருந்து என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதிவுப் புத்தகத்தில் தாளைக் கிழிக்கக் கூடாது. கிழித்தேன். அந்த வரிக்குக் கீழே, எங்கள் தெருத் தையற்காரர் ராவுத்தரிடம் கேட்டுச் சரியாக எழுதிக்கொண்டு, இப்படி எழுதினேன்: "அலியார் அவர்களுக்கு, வ அலைக்குமுஸ் ஸலாம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்." சுபைதா தாத்தாவின் விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை ஆதம்பாவா ரேடியோவில் வந்தார். கடுதாசி கிடைத்தது, தாத்தா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா என்றார். பிறகு, இப்போது எந்தக் கம்பியில் பேசுகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது, வேலிதான் என்றேன்.

இல்லை, கடை மாடி என்றார். ஏன் இன்றைக்கு அது நன்றாகக் கேட்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.